கணினி தொலைத்த துளிகள்

7

"கணினி பொய் சொல்லாது என்று முதன்முதலில் சொன்னவன் கண்டிப்பாகக் கணினி விற்கிற கடைக்காரனாகத்தான் இருந்திருப்பான்." பல்லேபொலவுக்குப் போகிற பாதையில், என் ஆட்டோ ஒரு குழியையும் விடாமல் நலம் விசாரித்துக்கொண்டு போகையில், பின் சீட்டில் இருந்த சுதர்சினி மிஸ்ஸிடம் நான் சொல்லிக்கொண்டு வந்த தத்துவம் இது.

"கதைய விட்டுட்டு ரோட்டப் பாரு அஜந்தன்," என்றார் மிஸ்.

மிஸ் என்று கூப்பிட்டாலும் அவர் யாருக்கும் பாடம் எடுத்தவர் இல்லை. ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் பல வருஷம் எரிந்த கடைகளையும் நொறுங்கிய லொறிகளையும் சுற்றிச் சுற்றிப் பார்த்து, எது விபத்து, எது வித்தை என்று பிரித்துச் சொன்னவர். இப்போது மாத்தளை டவுனில் ஒரு மிளகுக் கடைக்கு மேலே சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறார். நான் அவருடைய உதவியாளன், டிரைவர், தேத்தண்ணீர் வாங்கி வருகிறவன். மூன்று வேலைக்கும் சேர்த்து ஒரு சம்பளம்.

வழக்கு இதுதான். வில்கமுவவில் ஒரு நெல் வயலுக்கு ட்ரோனில் மருந்தடித்தான் மாத்தளைப் பையன் சசிக்குமார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத் தோட்டத்தில் மிளகாய் பறித்துக்கொண்டிருந்த தினுஷா என்ற பெண், மருந்துப் புகையை மூச்சில் இழுத்து விழுந்து, ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். இரண்டு சின்னப் பிள்ளைகளின் தாய். ஊர்க்காரர்கள் ஆத்திரத்தில் சசிக்குமாரின் ரிமோட்டையும் போனையும் அடித்து நொறுக்கினார்கள். ட்ரோன் பறந்த வழியின் பதிவும் அதோடு போய்விட்டது.

மிஞ்சியது, ட்ரோன் கம்பெனி கோர்ட்டில் கொடுத்த கணினிக் கணக்கு மட்டும். குழாய் முனையிலிருந்து மருந்து எப்படித் துளியாகிறது, காற்றில் எவ்வளவு தூரம் போகிறது என்று கணினியே போட்டுப் பார்த்த படம் அது. வயலுக்குள் பறந்தால் ஒரு துளிகூட வாய்க்காலைத் தாண்டாது என்று அந்தப் படம் சொன்னது. அப்படியானால் பையன்தான் தாண்டிப் பறந்திருக்கிறான். ரிமாண்டில் இருக்கிறான். நாளைக்கு வழக்கு.

அவனுடைய அம்மா கமலாட்சி எங்கள் படியேறி வந்து அழவில்லை, கெஞ்சவில்லை. ஒன்றே ஒன்று சொன்னார்.

"வயல விட்டு வெளிய போகலன்னு என் புள்ள சொல்றான் மிஸ். அவன் என்கிட்ட பொய் சொன்னதே இல்ல. அந்தக் கம்பியூட்டர்லதான் என்னமோ பிழை இருக்கு."

அந்தப் பிழையைத் தேடித்தான் பல்லேபொலவுக்குப் போய்க்கொண்டிருந்தோம். கம்பெனிக்காகக் கணக்கைப் போட்டவர் நிஷ்மியா, பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். லீவில் வாப்பா வீட்டுக்கு வந்திருந்தார்.

*

கிராம்பு காய்ந்துகொண்டிருந்த முற்றத்தைத் தாண்டி உள்ளே போனோம். நிஷ்மியா எங்களுக்காகவே காத்திருந்தவர் போல மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"தண்ணிக்கும் காத்துக்கும் நடுவுல ஒரு எல்லை ஈக்கிது மிஸ். அது தோல் மாதிரி தன்னையே இழுத்துப் பிடிச்சிக்கொண்டு நிக்கும். பரப்பிழுவிசைன்னு ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க. அந்தத் தோலாலதான் துளி உருண்டையா ஈக்கிது."

"அது கணினிக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் மிஸ்.

"தெரியாது. அதனால இடத்தச் சின்னச் சின்னப் பெட்டியா வெட்டுறம். ஒவ்வொரு பெட்டியிலயும், தோல் இங்க ஈந்து எவ்வளவு தூரம்னு ஒரு எண் வெக்கிறம். எண் எங்க பூச்சியமாகுதோ, அங்கதான் தோல்."

"பூச்சியம் எனக்கு நல்ல பழக்கம்," என்றேன். "ஓ.எல். கணக்குப் பேப்பர்ல சந்திச்சிருக்கோம்."

நிஷ்மியா சிரிக்கவில்லை. படத்தை ஓடவிட்டார். குழாய் முனையிலிருந்து மருந்து மெல்லிய தகடாக விரிந்தது, ஓரம் கிழிந்தது, நூலானது, நூல் அறுந்து துளிகளானது. எல்லாத் துளிகளும் ஒழுக்கமாக வயலுக்குள்ளேயே விழுந்தன.

மிஸ் திடீரென்று பேனாவைத் திரையில் வைத்தார். "நிறுத்துங்க. கொஞ்சம் பின்னாடி போங்க. இந்தத் துளி."

ஒரு சின்னத் துளி. கடுகைவிடச் சின்னது. படம் மறுபடி ஓடியது. துளி பறந்தது, கொஞ்சம் இளைத்தது, இன்னும் இளைத்தது, நடுவானத்தில் இல்லாமலே போனது.

"எங்க போச்சு?"

"கொழும்புக்குப் போயிருக்கும் மிஸ்," என்றேன். "மாத்தளையில வேலை கிடைச்சிருக்காது."

"ஆவியாகிறத கணக்குல சேத்தீங்களா?" மிஸ் நிஷ்மியாவைத்தான் பார்த்தார்.

"இல்ல."

"கீழ விழுந்துச்சா?"

"இல்ல."

"குழாய்ல இருந்து வந்த மருந்து அவ்வளவும் வயல்ல வந்து சேந்திருக்கான்னு யாராவது கூட்டிப் பாத்தாங்களா?"

நிஷ்மியா தலையைக் குனிந்துகொண்டார். "கூட்டினா குறையும் மிஸ். துளி பெட்டிய விடச் சின்னதாப் போனா இந்த முறையால அதப் பிடிச்சி வெச்சிக்கொள்ள ஏலா. கொஞ்சம் கொஞ்சமா தொலைச்சிடும். இது எல்லாருக்கும் தெரிஞ்ச குறை. கம்பெனி ரிப்போட்ல அத எழுத விடல்ல."

எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு சந்தோஷம். பெரிய கண் வலையைப் போட்டுவிட்டு, குளத்தில் சின்ன மீனே இல்லை என்று கோர்ட்டில் சத்தியம் செய்திருக்கிறார்கள். அந்தச் சின்ன மீன்கள்தான் காற்றில் ஏறி வாய்க்காலைத் தாண்டியிருக்கின்றன.

"மிஸ், முடிஞ்சுது. நாளைக்கு ராத்திரி பையனுக்கு வீட்டுச் சோறு!"

"இருங்கொ அண்ணா," என்றார் நிஷ்மியா. "அந்தப் பொம்பிள மவுத்தானதக் கேட்டதில ஈந்து எனக்கு நித்திரை இல்ல. இது பிழையா ஈக்குமோன்னு நானே திரும்பப் போட்டுப் பாத்தன். பெட்டிக்குள்ள எவ்வளவு தண்ணி ஈக்கிதுன்னு எண்ணி வெக்கிற வேற முறை. அதுல ஒரு துளியும் தொலையாது. பெட்டியும் ரொம்பச் சின்னது. யுனிவர்சிட்டி மெஷின்ல வாரக்கணக்கா ஓடிச்சு."

"என்ன வந்துச்சு?"

"சின்னத் துளி வந்திச்சு. காத்தும் தூக்கிச்சு. ஆனா ரொம்பக் கொஞ்சம். அதுவும் வாய்க்காலுக்கு முன்னாடியே விழுந்திட்டுது."

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. பிழையைக் கண்டுபிடித்தோம், திருத்தினோம், திருத்திய கணக்கும் பையனைத்தான் கை காட்டியது. கமலாட்சியம்மாவுக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே எழுந்தேன்.

மிஸ் மட்டும் எழுந்திருக்கவில்லை. "தோலுக்கு எவ்வளவு பலம்னு ஒரு எண் குடுக்கணுமில்லையா? அத எங்க இருந்து எடுத்தீங்க?"

"கம்பெனி தந்தது. போத்தல் லேபல்ல சொன்ன மாதிரி தண்ணியில கலந்தா வார எண்."

"அன்னைக்கு டேங்க்ல இருந்தத யாராவது அளந்தாங்களா?"

"அளக்கல்ல."

"அப்ப பாதியாக்கிப் பாருங்க."

முழுக் கணக்கையும் ஓட்டினால் அடுத்த மாதம்தான் முடியும் என்பதால், நீளம், உயரம் மட்டும் பார்க்கிற தட்டையான சின்னக் கணக்கு ஒன்றை ஓடவிட்டார் நிஷ்மியா. நாங்கள் பிளேன்டீ குடித்து முடித்தோம். நிஷ்மியாவின் உம்மா சீனிப் பணியாரம் கொண்டுவந்து வைத்தார். அப்போது திரையில் படம் வந்தது.

இந்த முறை தகடு விரிந்ததுமே கிழிந்தது. நூல் அறுந்தது துளியாக இல்லை, மூட்டமாக. எங்கள் நாலந்தா பக்கம் மார்கழிக் காலையில் பனி தரையில் படுத்து நகர்வது போல அது வயலின் மேல் நகர்ந்து, வாய்க்காலைத் தாண்டி, அந்தப் பக்கம் போய் நின்றது.

"தோலோட பலத்தப் பாதியாக்க என்ன வேணும்?" என்று கேட்டார் மிஸ்.

"பெரிசா ஒண்டும் வேணாம்," என்றார் நிஷ்மியா. "கொஞ்சம் சவர்க்காரம் போதும்." பிறகு, நாங்கள் வாசலுக்கு வந்தபோது, மிஸ்ஸின் கையைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்கு நான் கோட்ஸ்ல வந்து சொல்றன் மிஸ். என்ட ரிப்போட் பிழைன்னு சொல்ல எனக்கு வெக்கமில்ல."

*

திரும்பி வரும்போது நான் ஒரு நாடகமே எழுதி முடித்துவிட்டேன். மருந்துக் கடைக்காரன் போத்தலில் கலப்படம் செய்திருக்கிறான். இல்லையென்றால் வயல்காரன். அதுவும் இல்லையென்றால் கம்பெனியே. மிஸ் ஒன்றுக்கும் "ம்" கொட்டவில்லை.

"கமலாட்சியம்மா வீட்டுக்கு விடு."

"நல்ல செய்தி சொல்லவா மிஸ்?"

"அன்னைக்கு அடிக்காம மிஞ்சின மருந்துக் கான் ஒண்ணு அவங்க வீட்டுப் பின்னாடி கெடக்குன்னு நீதானே சொன்ன."

சொன்னேன்தான். போலீஸ்காரர்கள் ட்ரோனைக் கொண்டுபோனார்கள். அடுத்த வயலுக்கென்று கலந்து வைத்த கானை யாரும் கவனிக்கவில்லை. மருந்து விற்கிற விலைக்கு அதை வீச மனமில்லாமல், அன்று மகனோடு போய் ரோட்டோரம் சாமான்களுக்குக் காவலிருந்த கமலாட்சியம்மா வில்கமுவவிலிருந்து பஸ்ஸில் ஏற்றி மாத்தளைக்குக் கொண்டுவந்திருந்தார். முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு, "கானுக்கும் டிக்கெட் எடுத்தீங்களாம்மா?" என்று நான் கேட்டதும், அந்தக் கவலைக்குள்ளும் அவர் லேசாகச் சிரித்ததும் நினைவிருக்கிறது.

வீட்டுக்குப் பின்னால் பைப்படியில் சேம்பு செழித்திருந்தது. மிஸ் முதலில் பைப்புத் தண்ணீரைக் கையில் எடுத்து ஒரு இலையில் விட்டார். தண்ணீர் உருண்டையாக நின்றது, இலையை ஆட்டியதும் ஓடி விழுந்தது. பிறகு கையுறை போட்டுக்கொண்டு, கானைச் சரித்து, மூடியளவு மருந்தை வேறொரு இலையில் விட்டார்.

அது உருளவில்லை. அப்படியே படுத்துப் பரவி, இலையின் ஓரம்வரை போய் ஒட்டிக்கொண்டது.

நான் மிஸ்ஸைப் பார்த்தேன். மிஸ் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்குப் பின்னால் கமலாட்சியம்மாவின் குரல் கேட்டது. அதில் இத்தனை நாளில் நான் கேட்காத ஒரு சந்தோஷம் இருந்தது.

"பாத்தீங்களா மிஸ், எப்படிப் பிடிச்சிக்கிச்சு! அது என் கைப்பக்குவம்."

"நீங்களா கலக்கினீங்க?"

"எப்பவும் நான்தான். பாத்திரம் கழுவுற லிக்விட் கொஞ்சம் ஊத்திருவேன். தோட்டத்துல முதுகுல டேங்க் தூக்கி அடிச்ச காலத்துல இருந்தே நாங்க எல்லாரும் ஊத்துறதுதான். இல்லன்னா மருந்து இலையில நிக்காது மிஸ், உருண்டு போயிரும், ஒரு மழைக்குத் தாங்காது."

"சசிக்குத் தெரியுமா?"

"ஐயோ, தெரிஞ்சா கத்துவான். கம்பெனி கிளாஸ்ல அப்படிச் சொல்லல, இப்படிச் சொல்லலம்பான். ட்ரோன்ல அடிச்ச மருந்து சரியாப் பிடிக்கலன்னு வில்கமுவயில ரெண்டு பேர் பேசிக்கிட்டாங்க. புள்ளைக்குப் பேர் கெட்டுப் போனா அப்புறம் யார் கூப்பிடுவாங்க? அவன் வயலச் சுத்திப் பாக்கப் போற நேரம் நான் கலந்து வச்சிருவேன்."

முதுகு டேங்கில் இது தப்பே இல்லை. கொட்டைத் துளியாக வந்து காலடியிலேயே விழும். எத்தனையோ பேர் எத்தனையோ வருஷம் செய்திருக்கிறார்கள், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உயரத்தில், ட்ரோனின் ஊசிமுனைக் குழாயில்தான் அதே கைப்பக்குவம் மூட்டமாகிறது. அதை இந்த அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை.

"ஏன் மிஸ் இலையில ஊத்திப் பாத்தீங்க?"

"சும்மாதான்ம்மா," என்றார் மிஸ். "இத வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இதுல சொல்ல என்ன இருக்கு?"

உள்ளே மேசையில், நாளைக்கு மகனுக்குக் கொடுக்க ஒரு பொட்டலம் கட்டி வைத்திருந்தார். துவாய், பிஸ்கட், ஒரு சவர்க்காரக் கட்டி. நான் அதற்குமேல் அங்கே நிற்க முடியாமல் ஆட்டோவுக்குப் போய்விட்டேன்.

*

"சொல்லிட்டா பையன் வெளிய வந்துருவான் மிஸ்," என்றேன், வண்டியைக் கிளப்பாமல். "அவன் தாண்டல. அது உண்மை."

"மருந்த ஓட்டுறவன்தான் கலக்கணும், வேற எதையும் சேக்கக் கூடாது, அது கம்பெனி சட்டம். கலக்க விட்டது அவன் குத்தம். கலந்தது அம்மாவோட குத்தம். அந்த உண்மைய நாளைக்குச் சொன்னா, உள்ள இருக்கிற ஒருத்தர் வெளிய வரமாட்டார் அஜந்தன். வெளிய இருக்கிற இன்னொருத்தர் உள்ள போவார்."

இருபது வருஷமாக வாயை வைத்துப் பிழைக்கிறவன் நான். ஆட்டோவைக் கிளப்பினேன்.

ரிமாண்டில் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் சசிக்குமார் வந்து நின்றான். மெலிந்திருந்தான். மிஸ் சுற்றி வளைக்கவில்லை.

"சசி, டேங்க்ல என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும்."

அவன் அதிர்ச்சியடைவான் என்று எதிர்பார்த்தேன். அவன் காவலர் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, வலைக்கு இன்னும் கிட்ட வந்தான்.

"அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா மிஸ்?"

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றேன் நான்.

"அன்னைக்கு டேங்க்க கழட்டும்போது மூடியோரம் நுரையா இருந்துச்சு அண்ணே. அப்ப என்னன்னு விளங்கல. அந்த அக்கா மிளகாய்ச் செடிக்குள்ள விழுந்து கெடந்ததப் பாத்ததும் விளங்கிருச்சு." வலையைப் பிடித்துக்கொண்டான். "வாய்க்காலத் தாண்டிப் பறந்தேன்னு நாளைக்கு ஒத்துக்கிறேன். லோயர்கிட்டயும் சொல்லிட்டேன்."

"தாண்டினியா?"

"இல்ல."

"அப்புறம் ஏண்டா?"

"அந்த ரெண்டு புள்ளைங்களுக்கு அம்மா இல்லாமப் போச்சு. அது எங்களாலதான். யாராவது ஒருத்தர் உள்ள இருக்கத்தான் வேணும். ரெண்டு பேர் எதுக்கு அண்ணே?"

காவலர் சிங்களத்தில் "இக்மன், இக்மன்" என்று அவசரப்படுத்தினார். சசிக்குமார் கடைசியாக மிஸ்ஸிடம்தான் சொன்னான். "கணக்குல பிழை இல்லன்னு அம்மாகிட்ட சொல்லிருங்க மிஸ். பிழை இருக்குன்னு சொன்னா அவங்க விடமாட்டாங்க. தோண்டித் தோண்டிக் கேப்பாங்க. தெரிஞ்சா அவங்க உயிரோட இருக்கமாட்டாங்க."

வெளியே வந்ததும் மிஸ் நிஷ்மியாவுக்குப் போன் எடுத்தார். "நாளைக்கு வரவேணாம்."

"ஏன் மிஸ்? என்ட கணக்கு பிழை தானே?"

"பிழைதான். அத நீங்க சொன்னா, அடுத்த கேள்வி கலந்தது யாருன்னுதான் வரும்."

அந்தப் பக்கமிருந்து "யா அல்லாஹ்" என்று ஒரு சொல் மட்டும் கேட்டது.

*

மிளகுக் கடை மூடுகிற நேரம். எங்கள் படிக்குக் கீழே கமலாட்சியம்மா நின்றிருந்தார், கையில் அந்தப் பொட்டலத்தோடு. பெரிய கோயிலுக்குப் போய்விட்டு நேராக வந்திருக்க வேண்டும், நெற்றியில் புதுத் திருநீறு.

"கணக்குல பிழை இருந்துச்சா மிஸ்?"

எத்தனையோ பேருடைய பொய்யைப் பிடித்தவர் மிஸ். தனக்கு ஒன்று சொல்லத் தெரியாது. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இல்லம்மா. ரெண்டு விதமாப் போட்டுப் பாத்தாங்க. கணக்கு சரிதான்."

கமலாட்சியம்மா அழுவார் என்று நினைத்தேன். கம்பெனியைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் மெதுவாக, தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார்.

"அப்ப அவன் தாண்டித்தான் போயிருக்கான்."

பொட்டலத்தின் முடிச்சை இறுக்கினார்.

"என் மூஞ்சியப் பாத்து, இல்லம்மான்னு சொன்னானே மிஸ். தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணினானே. ஒரு பொம்பளைய சாகடிச்சிட்டு என்கிட்டயே பொய் சொல்லியிருக்கான்."

"அம்மா, அப்படியில்ல..." என்று ஆரம்பித்தேன். மிஸ்ஸின் கை என் தோளில் வந்து விழுந்தது. வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கு அந்த வாயைத் திறந்திருக்க வேண்டுமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அவர் பொட்டலத்தை என்னிடம் நீட்டினார். "இத நீங்களே அவன்கிட்ட குடுத்துருங்க தம்பி. நான் நாளைக்குக் கோர்ட்டுக்கு வரல."

"வராம எங்கம்மா போறீங்க?"

"வில்கமுவைக்கு. விடிஞ்சதும் பஸ். அந்தச் செத்த புள்ளையோட வீட்டுல போய், அவன் செஞ்சதுக்கு யாராவது கால்ல விழ வேணாமா?"

சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவர் பஸ் நிலையம் பக்கம் நடந்தார், நாளைய பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்க. மிஸ் படியேறவில்லை. கடைக்காரர் ஷட்டரை இழுத்துவிட்டு, என்ன நடந்தது என்று என்னிடம் ஜாடையாகக் கேட்டார். ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினேன். பொட்டலத்தைப் பின் சீட்டில் வைத்தேன். உள்ளே இருந்த சவர்க்காரத்தின் வாசனை ஆட்டோ முழுக்க வந்துவிட்டது.